இலையில் சோறு வேண்டாம்

ஜனவரி 6, திங்கள். மதுரை

இன்று முதல் சோறு இல்லை. இட்லி, தோசை, பரோட்டா, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, சீனி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மா அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். காலை, மதியம், மாலை, இரவு என்று நாலு கட்டம். தின்றதை மறைக்காமல் எழுத வேண்டுமாம். கட்டத்துக்குள் அடங்காததை எழுத இந்த டைரி. ஏதோ ஒரு மில்லில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. வழக்கமாகப் பழைய பேப்பரோடு போய்விடும்.

விஷயம் இதுதான். தம்பி தவமணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அவன் மனைவி ஜெயராணிக்கு ரத்த வகை சேரவில்லை. அரசாங்கப் பட்டியலில் பெயர் இருக்கிறது, வரிசை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு எல்லாம் சேர்கிறது. சர்க்கரை மட்டும் ஓரத்தில் நிற்கிறது. வெறும் வயிற்றில் 118. எடை 86 கிலோ. "நீங்க இன்னும் சுகர் பேஷண்ட் இல்லை. ஆனா வாசல்ல நிக்கிறீங்க" என்றார் டாக்டரம்மா. இரண்டு மாதத்தில் மாவுச்சத்தையும் எடையையும் குறைத்துவிட்டு, குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்டில் தேறினால் ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாம். தேறாவிட்டால் கொடுக்க முடியாது.

வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு இது பெரிய காரியமில்லை. நான் லாரி எடை மேடைகளைப் பழுது பார்க்கிறவன். மாதத்தில் இருபது நாள் வெளியூர். மூன்று வேளையும் ஓட்டல்தான்.

"ஓட்டல்ல போயி உக்காந்து சோறு வேணாம்னு சொல்லப் போறியாண்ணே?" என்று தவமணி சிரித்தான்.

"ஒனக்காக மண்ணக்கூடத் திம்பேண்டா" என்றேன்.

ஜெயராணி அழுதுவிட்டாள். என் மனைவி இந்திரா காபி போட எழுந்து போனாள்.

ஜனவரி 8, புதன். கோவில்பட்டி

காலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே சைவ ஓட்டல். பரிமாறுகிறவர் வந்து ஒப்பித்தார். "இட்லி, பொங்கல், பூரி, தோசை, ரவா, ஊத்தப்பம்."

"இதுல அரிசி, கோதுமை, ரவை இல்லாதது எது?"

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "தண்ணி இருக்கு சார்."

நக்கல் இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். கடைசியில் இரண்டு உளுந்து வடை. உளுந்திலும் மாவுச்சத்து உண்டு, இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தாளில் இருக்கிறது. பிறகு சீனி இல்லாத காபி. ஓட்டலில் அதற்கு 'வித்தவுட்' என்று பெயர். "அஞ்சாம் நம்பருக்கு ஒரு வித்தவுட்டேய்!" என்று அவர் உள்ளே பார்த்துக் கத்தியதும் ஓட்டல் முழுக்கத் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

மதியம் சாப்பாட்டுக் கடை. சோறு தவிர மற்றதெல்லாம் வையுங்கள் என்றேன். "விரதமா சார்?" "இல்லை." "வயித்துப் போக்கா?" "இல்லைய்யா, வை." மூன்று முறை கூட்டு வைத்தார். நாலாவது முறை கேட்டதும் வாளியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கூட்டு தொட்டுக்கத்தான் சார்" என்றார். எழுந்துவிட்டேன். எடைக் கல் தூக்குகிறவனுக்கு அரை வயிறு போதாது. மூன்று மணிக்கே கண் இருட்டியது. கடலை வாங்கித் தின்றேன்.

ஜனவரி 9, வியாழன்

முட்டை ஏழு. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கல் என்று டயாலிசிஸ் இயந்திரத்துக்குத் தெரியாது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தவமணி படுத்திருந்தான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். எல்லோர் வீட்டிலிருந்தும் தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. நீட்டிய ஒவ்வொருவரிடமும் வேண்டாம் என்றேன். எட்டுப் பேர்.

முடிந்ததும் எதிர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு இரண்டு இட்லி, எனக்கு மூன்று ஆம்லேட். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர் என்று அவனுக்குக் கணக்கு, குழம்பு காபி எல்லாம் சேர்த்து. மேஜையில் வைத்த தண்ணீர் டம்ளரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போய்க் குடித்தேன்.

"இங்கயே குடிண்ணே. நான் என்ன புடுங்கியா குடிக்கப் போறேன்" என்றான். "ஒங்கிட்ட வாங்குனது நல்லா ஓட ஆரம்பிச்சதும் மொத வேலை, ஒரு சொம்புத் தண்ணி. மூச்சு விடாம. அப்புறம் ரெண்டு எளனி."

"எளனி ஆகவே ஆகாதுன்னாங்களேடா."

"இப்ப ஆகாது. பொட்டாசியமாம். நெஞ்சு நின்னுருமாம். அப்ப ஆகும்ல?"

பரிமாறுகிறவர் வந்து, இட்லியோடு முடித்த அவனையும் ஆம்லேட்டோடு முடித்த என்னையும் பார்த்துவிட்டு, "பண்டிகைக்கு ஒரு ஸ்வீட்டு கூட வேணாமா?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். நல்ல நாள்தான்.

ஜனவரி 22, புதன். ராஜபாளையம்

84 கிலோ. காற்சட்டைக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

ஜனவரி 27, திங்கள். தேனி

காலையில் மீட்டரில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 107. சாயங்காலம் சில்லி சிக்கன் சாப்பிட்டேன், கோழிதானே என்று. பாதியில் சந்தேகம் வந்து சமையற்கட்டு வாசலுக்குப் போய் மாஸ்டரைக் கேட்டேன். "கார்ன்பிளவர் போடாம மசாலா எப்படி சார் ஒட்டும்?" என்றார், நான் ஏதோ சின்னப் பிள்ளை மாதிரி. மீதியை வைத்துவிட்டேன்.

இருபது நாளில் கற்றது: வறுவல் கேள், குழம்பு கேட்காதே, கெட்டியாக இருந்தால் அதில் ஏதோ மாவு இருக்கிறது. சில ஊரில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வார்கள். பரோட்டாக் கல் கண்ணில் படாத நாற்காலியாகப் பார்த்து உட்கார வேண்டும். சத்தம் காதில் விழத்தான் செய்யும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பிப்ரவரி 4, செவ்வாய். மதுரை

ஸ்கேன். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். ஊசி வழியாக மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து தொடை வரை சூடு பரவியது. படுத்தபடியே சிறுநீர் போய்விட்டேனோ என்று தொட்டுப் பார்த்தேன். போகவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்குமாம். வெளியே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் தேவைப்பட்டது. உள்ளே ஏசி அதிகம்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இடது பக்கத்தில் இருப்பதை எடுப்பார்களாம். மூன்று துளை, அடிவயிற்றில் ஒரு கீறல். மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது, அதற்குப் பிறகு பழையபடி வேலை பார்க்கலாம். "கொடுத்தவங்க யாராச்சும் செத்திருக்காங்களா?" என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். "மூவாயிரத்துல ஒருத்தர்" என்றார் அவர்.

மதியம் எதிர் ஓட்டலில் இரண்டு ஆம்லேட். இறங்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

98. தவமணி வீட்டில் வைத்துத்தான் குத்திப் பார்த்தேன். மீட்டரை ஆளுக்கொரு முறை கையில் வாங்கிப் பார்த்தார்கள். தவமணியின் மகள் அகல்யா பரீட்சையில் தேறியவள் மாதிரி குதித்தாள். ஜெயராணி கற்பூரம் ஏற்றினாள். "இன்னும் நாலே வாரம் மாமா. இப்படியே இருந்துருங்க."

எடை 80. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

மூவாயிரம் பேர் என்பது அப்படி ஒன்றும் பெரிய கூட்டமில்லை. விருதுநகர் பஸ் நிலையத்தில் ஒரு சாயங்காலம் நிற்கிற ஜனம்.

பிப்ரவரி 12, புதன். விருதுநகர்

எண்ணெய் பரோட்டா ஆறு. எண்ணெய் மில் முதலாளி விடவில்லை. மேடை சரியானதும், வாங்க சாப்பிடுவோம் என்று கையைப் பிடித்து இழுத்தார். வாடிக்கையாளர் கூப்பிட்டு மறுத்தால் மரியாதையாக இருக்காது. இந்த ஊருக்கு வந்து எண்ணெய் பரோட்டா வேண்டாம் என்று சொன்னால் ஆளையே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

முதலாளி இரண்டோடு எழுந்துவிட்டார். போன் வந்தது, போய்விட்டார். என் ஆறில் மீதி நாலு பரோட்டாவை நான் தனியாகச் சாப்பிட்டேன். வடை மாதிரி எண்ணெயில் கிடந்து பொரிந்தது, விரல் பட்டதும் நொறுங்குகிறது, சால்னா ஊற்றினால் ஒரு நிமிஷத்தில் ஊறிவிடுகிறது. அவசரமாகச் சாப்பிட வேண்டியதாகிவிட்டது.

தாளில்: மதியம், கோழி வறுவல்.

பிப்ரவரி 13, வியாழன்

121. பார்த்ததும் ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது.

நிம்மதி என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும். களைப்பு என்று எழுத நினைத்தது.

பிப்ரவரி 21, வெள்ளி. மதுரை

இன்று அசிங்கமாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கருப்பட்டிக் காபி பற்றி இதுவரை எழுதவில்லை, எழுத என்ன இருக்கிறது என்று. எங்கள் பக்கம் சுகர்காரர்கள் எல்லோரும் குடிப்பதுதான். கடை வாசலிலேயே சுகர் உள்ளவர்களும் அருந்தலாம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். பத்து நாளாக ஒரு நாளைக்கு நாலு டம்ளர். வித்தவுட்டைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துவிட்டது, ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

தவமணிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. எதிர் ஓட்டலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இட்லி வாங்க ஜெயராணி வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தவள், மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். சுக்கும் கருப்பட்டியும் நாலடிக்கு மணக்கும்.

"மாமா, இது என்ன?"

"கருப்பட்டிதாம்மா. சீனி இல்ல."

"அந்தத் தாளை நானும் படிச்சிருக்கேன் மாமா. மூணாவது வரியில கருப்பட்டி, வெல்லம், தேனு எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கு."

டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலை இறக்கி, "ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிருங்க மாமா. நான் தப்பா நெனைக்க மாட்டேன். அவருகிட்டயும் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். வேற வழி பாப்போம். இப்படி ஒவ்வொரு டம்ளரா வேணாம்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "யாரப் பாத்து என்ன கேக்குற? நாப்பத்தஞ்சு நாளா சோத்தத் தொடாம ஊரு ஊராச் சுத்துறேன். எவனாச்சும் செய்வானா?" என்று கத்திவிட்டேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

ஜெயராணி பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிருங்க மாமா. அவருக்குக் காலு வீங்கிக்கிட்டே போகுது. அதான், புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

இட்லிப் பொட்டலத்தை வாங்காமலே போய்விட்டாள். நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். என் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டது கண்ணை விட்டுப் போகவில்லை.

மார்ச் 1, சனி. திண்டுக்கல்

தவமணி புதுசாக ஒன்று ஆரம்பித்திருக்கிறான். வேளாவேளைக்கு என் தட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமாம். "சந்தேகத்துக்கு இல்லண்ணே. நீ சாப்புடுறதப் பாத்தா எனக்கும் சாப்புட்ட மாதிரி இருக்கு."

மதியம் மட்டன் பிரியாணி. சோற்றை வாழையிலையின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, கறியையும் முட்டையையும் மட்டும் நடுவில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு, ஒதுக்கிய சோறு ஆறிக்கொண்டிருந்தது. சீரகச் சம்பா ஆறினால் வீணாகிவிடும்.

கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. "சூப்பர்ணே. பாக்கவே வயிறு நெறையுது."

மார்ச் 9, ஞாயிறு

அந்தப் பிரியாணிக்குப் பிறகு எட்டு நாள் ஒழுங்காக இருந்தேன். ஒரு பருக்கை தொடவில்லை, கருப்பட்டி இல்லை. எல்லாப் படமும் உண்மைப் படம். 78 கிலோ. நாளைக்கு டெஸ்ட்.

இந்திரா சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "நாளைக்கு நல்லபடியா வந்துருச்சுன்னா எப்பங்க ஆபரேசன்?" என்று கேட்டாள். இந்த மாதக் கடைசி என்றேன். என் சட்டையையே மூன்று முறை மடித்தாள்.

மார்ச் 10, திங்கள். மதுரை

வெறும் வயிற்றில் 94. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 131.

டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

சுகர் ஒத்துவரவில்லை. தவமணியிடம் சொல்லியாயிற்று. மதியம் ஒன்றும் சாப்பிடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

டயாலிசிஸ் படுக்கையில் படுத்துக்கொண்டு தவமணி எனக்கு ஆறுதல் சொல்கிறான். "நீ என்னண்ணே செய்வ? ஒன்னால முடிஞ்சத நீ செஞ்சுட்ட. சுகரு நம்ம குடும்பத்துச் சொத்து, அப்பாவுக்கும் இருந்துச்சுல்ல. இனி நீ ஒன் ஒடம்பப் பாரு."

ஜெயராணி என் பக்கம் வந்து, "அன்னைக்கு அப்படிப் பேசுனதுக்கு என்னையச் செருப்பால அடிக்கணும் மாமா" என்றாள்.

மார்ச் 15, சனி. கோவில்பட்டி

எங்காவது ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

94, 131 இரண்டும் நல்ல எண். நான் தேறிவிட்டேன். டாக்டரம்மா அறைக்குள் போனதும் அதைத்தான் முதலில் சொன்னார். "ரொம்ப கஷ்டப்பட்டிருக்கீங்க. எத்தனை பேரால இது முடியும்?" என்று கைகொடுத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "இது கொடுக்கிற எல்லார்கிட்டயும் தனியா கேக்கிறது. உங்களுக்கு முழு மனசுதானா? யாருக்காகவும் தலையாட்ட வேண்டாம். வேண்டாம்னு சொன்னா, மருத்துவக் காரணம்னு மட்டும் வெளிய சொல்லுவோம். உங்க தம்பிக்குக்கூட உண்மைக் காரணம் போகாது" என்றார்.

மேஜையில் கிடந்த ரிசல்ட் தாளை மடித்தேன், பிரித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"பயமா இருக்கு டாக்டர்" என்றேன்.

"பயம் தப்பில்லை. கொடுக்கிறவங்க எல்லாருமே பயந்துக்கிட்டுத்தான் கொடுக்கிறாங்க. மனசு இருக்கா?"

"இல்லை" என்றேன்.

சொன்னதும் அழுதேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். முழு டம்ளரையும் அவர் எதிரிலேயே குடித்தேன்.

வெளியே வந்தோம். டாக்டரம்மா, மருத்துவக் காரணங்களால் இவர் கொடுக்க முடியாது என்று மட்டும்தான் சொன்னார். சுகர் என்று அவர் சொல்லவே இல்லை. ஜெயராணி என்னைப் பார்த்து, "என்ன மாமா? என்ன காரணம்?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன், "சுகரும்மா. ரெண்டாவது டெஸ்டுல ஏறிருச்சு" என்று.

நான் ஒரு கோழை. ஆறு பரோட்டா தின்ற அன்றைக்கே எனக்கு இது தெரியும். அன்றைக்கே ஜெயராணியிடம் சொல்லியிருந்தால், ஒரு மாதம் முன்னாலேயே அவர்கள் வேறு வழி தேடியிருப்பார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். "சோறு போடு" என்றேன் இந்திராவிடம். சுகர் இருக்கிறவன் திடீரென்று சோறு கேட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. தட்டு நிறையப் போட்டு, மீன் குழம்பை ஊற்றிவிட்டு, தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாம் முறையும் போட்டாள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

தவமணி கட்டாயப்படுத்தி ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். முகம் ஊதியிருக்கிறது, பத்தடி நடந்தால் நிற்கிறான். ஆனால் எனக்கு வேண்டியதை அவன்தான் சொன்னான். நாட்டுக்கோழி வறுவல், எண்ணெய் குறைத்து. முட்டை இரண்டு, மஞ்சள் கருவோடு. பரிமாறுகிறவர் பழக்கத்தில் என் பக்கம் பரோட்டாத் தட்டை வைத்ததும், "எடுங்க, எடுங்க. எங்கண்ணனுக்குச் சுகரு" என்று பதறினான்.

"எனக்குத் தர்றதுக்காகத்தான் நீ கட்டுப்பாடா இருந்த. இப்ப அது இல்லன்னு ஆயிருச்சு, நீ விட்டுருவ. எனக்குத் தெரியும். விட்றாதண்ணே. அப்பா காலு அழுகிச் செத்ததப் பாத்தோம்ல."

"பட்டியல்ல எதுவும் தகவல் வந்துச்சாடா?" என்று கேட்டேன்.

"வரும் வரும்" என்றான். அவன் இட்லியை முழுசாகச் சாப்பிடவில்லை. வேண்டாம், பசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம், இப்போதுகூட ஆபரேஷன் செய்யலாம், டாக்டரம்மாவைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கோழி எலும்பைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். பிறகு பில் வந்துவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தவமணி போய்விட்டான். விடிகாலை.

ஏப்ரல் 25, வெள்ளி

திங்கட்கிழமை நல்ல வெயில். வாசலில் இளநீர் வண்டி வந்திருக்கிறது. ஜெயராணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இரண்டு குடித்திருக்கிறான். மட்டைகளைப் பக்கத்து வீட்டு வேலியோரம் ஒளித்து வைத்திருக்கிறான். ராத்திரியெல்லாம் நெஞ்சு படபடத்திருக்கிறது, காலையில்தான் டயாலிசிஸ் இருக்கிறதே என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். விடிகாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே நெஞ்சு நின்றுவிட்டது.

தாகம் தாங்காமல் குடித்தானா, இனி என்ன என்று குடித்தானா என்று யாருக்கும் தெரியாது. "ஒங்க தம்பி ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே மாமா" என்று ஜெயராணி என் காலடியில் உட்கார்ந்து அழுகிறாள்.

மே 8, வியாழன். ராமேஸ்வரம்

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. இன்று அஸ்தியைக் கரைக்க வந்தோம். நான், இந்திரா, ஜெயராணி, அகல்யா. அகல்யாதான் கரைத்தாள். கடல் அலையில்லாமல் கிடந்தது. கலயத்தை விட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து பார்க்கத் தவமணி நடை.

குளித்துவிட்டுச் சைவ ஓட்டலுக்குப் போனோம். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. நாலு இலை போட்டார்கள். ஜெயராணிக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. இருந்தும் பரிமாறுகிறவர் வந்ததும் அவள் முதலில் பேசியது என்னைப் பற்றித்தான்.

"அண்ணே, இவருக்குச் சோறு வேணாம். சுகர். கூட்டு, பொரியல், கீரையெல்லாம் சேத்து வைங்க. அப்பளம் வேணாம், பாயசம் வேணாம்."

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "கடைசி ஞாயித்துக்கெழமகூடச் சொன்னாரு மாமா. அண்ணன் வந்தா ஏதாச்சும் ஆக்கிப் போடு, சோறு மட்டும் வச்சிராதன்னு. எனக்காக ரெண்டு மாசம் ஒரு பருக்கை தொடாம இருந்தவரு எங்கண்ணன்னு ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டு இருந்தாரு."

"ஜெயா" என்றேன். "எனக்குச் சுகரு இல்லம்மா."

இந்திரா இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. தலையைத் தூக்கவில்லை.

"அன்னைக்கு டெஸ்டுல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான்..."

"மாமா." ஜெயராணி கையை நீட்டித் தடுத்தாள். "அவரும் இப்படித்தான் சொன்னாரு. காலு வீங்குனப்ப, எனக்கு ஒண்ணுமில்ல, வெயிலுக்கு வீங்குதுன்னு ஆறு மாசம் ஓட்டுனாரு. நோய ஒத்துக்கிறதுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமே வாய் வராது. வேணாம் மாமா. இனிமே எங்களுக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

அகல்யா தன் இலையில் வைத்த பீன்ஸ் பொரியலைத் தொடாமல் அப்படியே எடுத்து என் இலைக்கு மாற்றினாள். "எனக்குப் பிடிக்காது பெரியப்பா. நீங்க சாப்பிடுங்க" என்றாள். அவளுக்குப் பீன்ஸ் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாதியில் நின்ற பேச்சை முடிக்க எனக்கு இன்னும் நாலு சொல் போதும். தாயும் மகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் சோற்று வாளியோடு வேறொருவர் வந்தார். ஜெயராணிக்கு வைத்தார், இந்திராவுக்கு வைத்தார், அகல்யாவுக்கு வைத்தார். என் இலைக்கு வந்து கரண்டியோடு குனிந்தார்.

"வேண்டாம்" என்றேன். "எனக்குச் சுகர்."